காட்டு நடை ரத்தானால் வழிகாட்டியின் கூலி என்னாகும்? அனுமதி தரும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வனத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். இரண்டாம் சனிக்கிழமை காலை, முன்பதிவு செய்து வந்த எங்கள் காட்டு நடை ரத்தாகி, உங்கள் சோதனைச் சாவடியிலிருந்தே நாங்கள் திரும்பியது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பிவிட்டோம். 'தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது' என்று பதிலும் போட்டுவிட்டீர்கள். ஆகவே முழுக் கதையையும் மறுபடி ஓதப் போவதில்லை. எந்தக் காப்பகம், எந்தச் சாவடி என்றும் எழுதவில்லை. எழுதினால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் போவது வாசலில் நின்ற வேட்டைத் தடுப்புக் காவலருக்குத்தான். அவர் பாவம், எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. முன்பதிவான காட்டு நடையை நீங்கள் ரத்து செய்தால், அன்றைக்கு வரச் சொல்லியிருந்த வழிகாட்டிக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள்.

ரத்து செய்யவே கூடாது என்று சொல்ல நாங்கள் யார்? 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இறந்தவர்களை மலையேறுகிற யாரும் மறக்க மாட்டார்கள். கோடையில் தடங்களை மூடுவது சரி. குட்டியோடு யானைக் கூட்டம் வழியில் நிற்கிறது என்றால் அதுவும் சரி. அது அவற்றின் வீடு, நாங்கள்தான் விருந்தாளிகள். அன்றைக்குக் காரணம் யானை இல்லை. 'மேலிருந்து ஃபோன் வந்தது' என்பதுதான் காரணம். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று காவலருக்கும் தெரியவில்லை. சற்று நேரத்தில் மூன்று ஜீப்புகள், கண்ணாடி ஏற்றியபடி, பதிவேட்டில் கையெழுத்துகூடப் போடாமல் உள்ளே போனதை வைத்து நாங்களாக ஊகித்துக்கொண்டோம்.

எங்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ரத்து பற்றிய குறுஞ்செய்தி முந்தின இரவே அனுப்பப்பட்டிருக்கிறது. மலையில் சிக்னல் இல்லாததால், திரும்பி இறங்கும்போதுதான் எல்லார் கைபேசியிலும் வரிசையாக வந்து விழுந்தது. கட்டணம் பைசா குறையாமல் வங்கிக் கணக்குக்குத் திரும்பியது. நன்றி.

எங்களோடு வர வேண்டிய பெரியவருக்கு அந்தக் குறுஞ்செய்தி இல்லை. வழிகாட்டியான அவர் காடர் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவர், அறுபதை நெருங்கும் வயது. விடிவதற்கு முன்பே ஒரு டார்ச் லைட்டோடு யானைத் தடம் வழியாக இறங்கி வந்து, சாவடித் திண்ணையில் எங்களுக்காகக் காத்திருந்தார். முதல் நாள் மழை பெய்ததால் அட்டை அதிகம் இருக்கும் என்று, புகையிலையையும் உப்பையும் பழைய வேட்டித் துணியில் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி, ஆளுக்கு ஒன்று என்று கொண்டுவந்திருந்தார். ஈரத்தில் நனைத்துக் காலில் தேய்த்துக்கொண்டால் அட்டை ஏறாதாம். நடை இல்லை என்று காவலர் சொன்னதும், அவர் ஒன்றும் கேட்கவில்லை. முடிச்சுகளை மட்டும் எங்களிடம் கொடுத்துவிட்டார். "வெச்சுக்குங்க, வேற எங்கயாவது போனா ஆகும்."

அன்றைய கூலி? நடை நடந்தால்தான் கூலி என்று உங்கள் ஊழியர்களே சொன்னார்கள். நாங்கள் பணம் நீட்டியபோது, "நடக்காம எப்படிங்க வாங்கறது" என்று கையை மடக்கிக்கொண்டார். அந்த நாணயம் அவரிடம் இருக்கிறது என்பதற்காக, கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காமல் இருந்துவிடலாமா?

அவர் இல்லாமல் அந்தக் காட்டில் எங்களுக்கு என்ன தெரியும்? ஆனைமலையில் டாப்சிலிப் பக்கம் வண்டியில் சுற்றிவிட்டுக் காடு பார்த்தேன் என்பவர்கள் பெரும்பாலும் பார்த்தது வெள்ளைக்காரர் காலம் தொட்டு நட்டு வளர்த்த தேக்கைத்தான். பழைய காடு அதே பக்கத்துக் கரியன்சோலை போன்ற இடங்களில், இறங்கி நடந்தால்தான் கண்ணில் படும். அங்கேயும் பழக்கமில்லாத கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. மரப்பொந்தை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண் இருவாச்சிக்கு ஆண் பறவை எந்த மரத்தில் பழம் ஊட்டுகிறது, சிங்கவால் குரங்குகள் இந்த வாரம் எந்தப் பலாவைத் தேடி வரும், யானை போய் எவ்வளவு நேரம் ஆனது என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லை. இமயமலையைவிட மூத்தது என்று சொல்லி மேற்குத் தொடர்ச்சி மலையை 2012-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது யுனெஸ்கோ. அந்தக் காட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு நாள் கூலி கொடுக்க நம்மிடம் விதி இல்லை!

விதி என்றதும் நினைவுக்கு வருகிறது. 'பழங்குடி மக்களின் வாழ்வாதாரம்' என்ற தொடர் உங்கள் விளம்பரப் பலகைகளில் இருவாச்சியைவிட அதிகம் தென்படுகிறது. படத்தில் சிரிக்கும் வழிகாட்டியின் சட்டையில் அரசு முத்திரை பளபளக்கிறது. தலைமுறைகளாகக் காட்டில் வாழ்பவர்களின் உரிமையை 2006-ன் வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. பட்டாவுக்காக இன்னும் அலைகிறவர்கள் எத்தனை பேர்! சொந்தக் காட்டில் தேன் எடுக்கப் போகிறவரைக் கேள்வி கேட்கும் சாவடி, பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் ரிசார்ட் வண்டிக்குச் சலாம் வைக்கிறது. சரி, அதெல்லாம் வேறு மடலுக்கு உரியவை. மன்னிக்கவும், கோபத்தில் தடம் மாறிவிட்டேன்.

தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் 40 நடைத்தடங்கள் இணைய முன்பதிவோடு திறக்கப்பட்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஒளிந்து மறைந்து காட்டுக்குள் போவதைவிட, முறையாக அனுமதி வாங்கி, உள்ளூர் ஆளைக் கூட்டிக்கொண்டு போவதே எல்லோருக்கும் நல்லது. அதனால்தான் திட்டமே வேண்டாம் என்று சொல்லாமல், அதில் இருக்கும் ஓட்டையை அடைக்கச் சொல்கிறேன்.

நிதி ஒதுக்கீடு இல்லை என்பீர்கள். வேண்டாம். ரத்தானால் கட்டணத்தைத் திருப்பும்போது வழிகாட்டியின் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை எங்களுக்கு அனுப்புங்கள். முன்பதிவுப் பக்கத்தில் அதை ஒரு வரியில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். காட்டை நேசித்து நடக்க வருகிறவர் எவரும் அந்தச் சில நூறு ரூபாய்க்கு வழக்குப் போட மாட்டார். இன்னொன்று: சாவடிக்கு எட்டும் வாக்கி டாக்கி குடியிருப்புக்கு எட்டாதா? சிக்னல் இல்லாத ஊருக்குச் செய்தி சொல்ல முந்தின மாலை ஓர் ஆளை அனுப்பினால், ஒரு பெரியவர் இருட்டில் யானைத் தடத்தில் வீணாக இறங்கி வர வேண்டியிருக்காது.

மழை ஓய்ந்ததும் அதே தடத்துக்கு மறுபடி முன்பதிவு செய்யவிருக்கிறோம். அதற்குள் அந்தச் சனிக்கிழமைக்கான கூலி அவர் கைக்குப் போய்ச் சேர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முன்பதிவு எண் உங்களுக்கு வந்த மின்னஞ்சலில் இருக்கிறது. அவர் பெயர் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
நடக்க வந்து திரும்பிப் போனவர்களில் ஒருவன்
உடுமலைப்பேட்டை