'முதலியன' என்ற ஒரு சொல்லும் பெண்களின் சொத்தும்

ஆசிரியருக்கு வணக்கம்.

1956-க்கு முன் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் ஆயுட்கால அனுபவம் மட்டுமே இருந்ததற்குத் தர்மசாஸ்திரமே காரணம் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை சொல்கிறது. அது பாதிதான் சரி.

யாக்ஞவல்கிய ஸ்மிருதி ஸ்த்ரீதனத்தை, அதாவது பெண்ணின் தனிச்சொத்தை, வரிசையாகச் சொல்லும்: தந்தை, தாய், கணவன், உடன்பிறந்தான் கொடுத்தது, திருமணத் தீயின் முன் வந்தது, கணவன் மறுமணம் செய்யும்போது மூத்தவளுக்குத் தருவது, பிறகு 'ஆத்ய', அதாவது 'முதலியன'. இந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, வாரிசாக வந்தது, விலைக்கு வாங்கியது, பாகத்தில் கிடைத்தது எல்லாமே ஸ்த்ரீதனம்தான் என்று அந்த ஸ்மிருதியின் உரைநூலான மிதாட்சரத்தில் எழுதினார் விஞ்ஞானேசுவரர். சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்து நூல் அது. ஏறத்தாழ 900 ஆண்டுப் பழமை! வங்காளத்தில் செல்வாக்குப் பெற்ற ஜீமூதவாகனரின் தாயபாகம் இவ்வளவு தாராளம் காட்டவில்லை. (தாயம் என்றால் வாரிசுச் சொத்து. நம் 'தாயாதி'யும் அந்த வழி வந்ததே. தாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை.)

இரண்டு நூல்களின் வாரிசுரிமைப் பகுதிகளையும் 1810-ல் ஆங்கிலேய அறிஞர் கோல்புரூக் ஆங்கிலத்தில் தந்தார். நீதிமன்றங்கள் அவற்றை வைத்தே தீர்ப்பு எழுதின. ஆனால் கணவனிடமிருந்து வாரிசாக வந்த சொத்து ஸ்த்ரீதனம் ஆகாது என்று 1867-ல் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தீர்மானித்தது, மிதாட்சரம் செல்லும் பகுதியின் வழக்கிலேயே. அதை விற்க வேண்டுமானால் கைம்பெண் சட்டப்படியான அவசியம் காட்ட வேண்டும். அவளுக்குப் பின் சொத்து கணவனின் வாரிசுகளுக்குப் போகும். உரைநூல் திறந்த கதவை மூடியது நீதிமன்றம்.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14(1) பிரிவு பெண்ணை முழு உரிமையாளர் ஆக்கியது. ஆனால் உயில், தானம், தீர்ப்பாணை வழியாக வரம்புடன் கொடுத்த சொத்து 14(2)-ன்படி வரம்புடனேயே நிற்கும். மூலப்பத்திரத்தில் 'ஆயுட்காலம் மட்டும்' என்று கண்டதும் பலர் தவறுவது இங்கேதான். ஜீவனாம்சத்துக்குப் பதிலாகக் கொடுத்த சொத்தா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்படியானால், பத்திரம் வரம்பு விதித்திருந்தாலும் 14(1) பொருந்தும் என்று 1977-ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கைம்பெண்ணின் ஜீவனாம்ச உரிமையைப் பத்திரம் உண்டாக்கவில்லை, சாஸ்திரச் சட்டத்திலேயே அது முன்னரே உண்டு என்பதே அதற்குச் சொன்ன காரணம்.