குழந்தைகளுக்கு நோய்க் கதை வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சிறுவர் நூல்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் நடுவில் பெற்றோருக்கு ஓர் அறிவுரை: நோய், தொற்று, சாவு என்று பிள்ளைகளைப் பயமுறுத்தாமல், ஸ்மர்ஃப் என்ற நீலக் குள்ளர்களின் கதைகள் மாதிரி இதமான படக்கதைகளை வாங்கிக் கொடுங்கள் என்று. ஸ்மர்ஃப் வரிசையின் முதல் ஆல்பமே, அதாவது முதல் படக்கதைப் புத்தகமே, ஒரு தொற்றுநோய்க் கதை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையாளருக்குத் தெரியாமல் போயிருக்கலாம். தங்கள் பார்வையைத் தாண்டி அது அச்சுக்குப் போனதுதான் என் வருத்தம்.

1959இல் பெல்ஜியத்தின் 'ஸ்பிரூ' வார இதழில் குட்டிப் புத்தகமாக வந்த கதை அது. பிள்ளைகளே பக்கங்களைப் பிரித்தெடுத்து மடித்துத் தைத்துக்கொள்ள வேண்டும். வரைந்தவர் பெயோ. 1963இல் பெரிய ஆல்பமானது. ஓர் ஈ கடிக்கிறது. கடிபட்ட நீலக் குள்ளன் கறுத்துப் போகிறான், பேச்சை மறக்கிறான், 'ஞாப், ஞாப்' என்று துள்ளிக்கொண்டே போய் அடுத்தவன் வாலைக் கடிக்கிறான். கடிபட்டவனும் அப்படியே ஆகிறான். வைரஸ் என்ற சொல் கதையில் கிடையாது, ஆனால் பரவும் விதம் அதேதான். நோய் வந்த ஒருவன் உடம்பில் நீலச் சாயம் பூசிக்கொண்டு ஊருக்குள் நுழைந்து கடிக்கிறான். பார்த்தால் தெரியாத நோயாளி! கடைசியில் மருந்து தேடும் ஊர்ப் பெரியவரும் கடிபடுகிறார். நல்ல நிலையில் ஊரில் ஒருவர்கூட மிச்சமில்லை. அந்த நேரம் அவருடைய ஆய்வுக்கூடம் தீப்பிடித்து வெடித்து, அங்கே சேர்த்து வைத்திருந்த மகரந்தம் ஊரெல்லாம் பறந்ததால்தான் பிழைக்கிறார்கள். இதைத்தான் 'இதமான' கதைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

அந்த ஆல்பத்தின் பிரெஞ்சுப் பதிப்பு என்னிடம் இருக்கிறது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் திறந்தபோது, மாலையில் வீட்டுக்குப் படிக்க வரும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே படங்களைக் காட்டினேன். பெரியவர் கடிபடும் பக்கம் வந்ததும் ஒரு பையன், "அப்ப டாக்டருக்கே வந்துருச்சா மிஸ்?" என்றான். எந்த மருந்தில் சரியாச்சு என்று கேட்டார்கள். சம்பங்கிப் பூவின் மகரந்தம் என்றேன். உடனே ஒரு சிறுமி, "எங்க தாத்தாவுக்கு சம்பங்கி மாலைகூடப் போட விடல மிஸ்" என்றாள். அதுவரை அந்தத் தாத்தாவைப் பற்றி அவள் வாய் திறந்ததே இல்லை. அப்புறம் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். தெருவைத் தட்டி வைத்து அடைத்தது, அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் பேசியது எல்லாம் வந்தது. தான் இருமியதால்தான் பாட்டிக்கு வந்தது என்று ஒரு பிள்ளை இத்தனை நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறான். "கதையில யாரையும் யாரும் திட்டலையே" என்று அவனுக்கு இன்னொரு பிள்ளை சொன்னாள். உண்மைதான், கடித்தவனும் கடிபட்டவனும் கடைசியில் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள். நான் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

பயமுறுத்துவது என்கிறீர்களே, 2020இல் தங்கள் முதல் பக்கத்தில் அன்றாடம் கட்டம் கட்டி வந்த சாவுக் கணக்கு யார் கண்ணில் படாமல் இருந்தது? என் தெருப் பிள்ளைகள் அந்த எண்ணை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் உள்பக்கத்தில் புள்ளிகளை இணைத்துப் படம் போட்டார்கள். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருப்பதைப் பார்த்தே வளரும் பிள்ளைகள் இவர்கள். பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டால் பிள்ளைகளின் பயம் போய்விடாது. தனியாக உட்கார்ந்து பயப்படுவார்கள், அவ்வளவுதான்.

அந்த ஆல்பத்தைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமானால் நிறம் இருக்கிறது. கறுத்தவன் பேச்சிழந்து கடிப்பான் என்று வரைந்தது தவறு. அதனால்தான் 1981இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஊதாவாக மாற்றினார்கள், பிறகு ஆங்கிலப் புத்தகத்திலும் ஊதாதான். நானும் பிள்ளைகளிடம் அதைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போனேன். கட்டுரையாளர் அதை எழுதியிருந்தால் கை கொடுத்திருப்பேன். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. புத்தகத்தைத் திறந்து பார்த்தவர் தவறவிடுகிற விஷயமா அது?

இதெல்லாம் இந்த ஒரு கட்டுரையோடு போகிற வருத்தமும் அல்ல. முன்பு தங்கள் இதழில் சிறுவர்களுக்கு முழுப் பக்கம் இருந்தது. அரைப் பக்கமானது, பிறகு விளம்பரம் இல்லாத வாரங்களில் மட்டும் வந்தது, இப்போது இல்லவே இல்லை. புத்தகக் காட்சிச் செய்திகளில் காமிக்ஸ் அரங்கில் கூட்டம் நின்ற படத்தைப் போட்டு, கீழே 'பொம்மைப் புத்தகம் வாங்கும் சிறுவர்கள்' என்று எழுதினீர்கள். அந்தப் படத்தில் பாதிப் பேர் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். அதைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை, பதிலும் இல்லை. பெரியவர்களின் நாவலுக்கு விமரிசனம் எழுதுபவர் நாவலைப் படித்துவிட்டு எழுதுகிறார். குழந்தைப் புத்தகம் என்றால் மட்டும் அட்டையைப் பார்த்தால் போதும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பல வருட வாசகி என்ற உரிமையில் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சிறு திருத்தம் போட்டால் போதும்: ஸ்மர்ஃப் வரிசையின் முதல் ஆல்பம் தொற்றுநோயைப் பற்றிய கதை, எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் உட்கார்ந்து சேர்ந்து படிக்கலாம் என்று. கட்டுரையாளருக்குப் படிக்க விருப்பமிருந்தால் என் பிரதியைத் தபாலில் அனுப்பி வைக்கிறேன். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, படங்களே போதும். படித்துவிட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி