திண்ணைக்கு வரும் பெட்டியும் மேசையை விடாத பெட்டியும்

கும்பகோணம்,
ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு நண்பனுக்கு,

நலம். நீயும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருப்பதை உன் கடிதத்தில் படித்து மகிழ்ந்தேன். இங்கே மூன்று நாளாக மழை விட்டபாடில்லை. அரசலாறு செம்மண் நிறத்தில் நிறைந்து ஓடுகிறது. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்வதற்கில்லை என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே உன் கேள்விக்குப் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மின்சாரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவைப்பதற்குக் காரணம் உண்டு. அது பின்னால் வரும்.

லேப்டாப்போடு கம்பியால் இணைத்து வாசிக்கும் கன்ட்ரோலரை வாங்குவதா, தானாகவே இயங்கும் ஸ்டாண்ட்அலோன் சாம்ப்ளரை, அதாவது சாம்பிள் என்ற ஒலித் துண்டுகளைப் பதிவுசெய்து பேட் என்ற சிறு தட்டுப்பரப்புகளில் தட்டி வாசிக்கும் பெட்டியை, வாங்குவதா என்று கேட்டிருக்கிறாய். கன்ட்ரோலரின் பக்கம் நீ சாய்ந்திருப்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. “அதே பதினாறு பேட், அதே சாம்பிள், லேப்டாப் ஏற்கெனவே வீட்டில் இருக்கும்போது பெட்டிக்குள் இன்னொரு கணினியை வைத்து, அதற்கு எதற்காக நான் காசு கொடுக்க வேண்டும்?” என்ற உன் வாதத்தை மறுக்க முடியாது. ஸ்டாண்ட்அலோன் கருவி என்பதும் உள்ளே ஒரு கணினிதான். நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் முதலில் கன்ட்ரோலரை வாங்கினேன்.

இந்தத் தொழிலின் கதையே போன இடத்துக்குத் திரும்பி வந்த கதை. 1987இல் வந்த ஈமு எஸ்பி-1200 என்ற சாம்ப்ளர் மொத்தமாகப் பத்து வினாடி ஒலியைத்தான் தனக்குள் பிடித்து வைத்தது. அடுத்த ஆண்டு ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்பிசி60 வந்தது. நான்குக்கு நான்கு என்று பதினாறு பேட்களை வைக்கும் வழக்கம் அதிலிருந்துதான் பரவியது. இரண்டும் கணினியின் முகத்தைப் பாராதவை. பிறகு கணினி மலிந்தது. 2009இல் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் மஷீன் என்ற கருவியைக் கொண்டுவந்து, கையால் தட்டுவது பேட், கணக்குப் பார்ப்பது கணினி என்று வேலையைப் பிரித்தது. எம்பிசி என்ற பெயரையே சொத்தாக வைத்திருந்த அகாய்கூட 2012இல் ரெனசான்ஸ் என்று கணினியில்லாமல் இயங்காத ஒரு பெட்டியைச் செய்தது. ஐந்து ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. 2017இல் எம்பிசி லைவ், எம்பிசி எக்ஸ் என்று மறுபடி கணினியைக் கழற்றிவிட்டார்கள், அதில் லைவ் பெட்டிக்குள் பேட்டரியும் இருந்தது. 2020இல் மஷீனும் மஷீன் பிளஸ் என்ற பெயரில் தனிக்குடித்தனம் வந்துவிட்டது. கம்பியைக் கழற்றிவிட வேண்டும் என்ற ஆசை உனக்கும் எனக்கும் மட்டும் வந்ததல்ல என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

இனி என் அனுபவத்தைச் சொல்கிறேன். கன்ட்ரோலர் வாங்கிய புதிதில், திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் இருக்கும் நம் தவில்கார அண்ணன் வீட்டுத் திண்ணைக்கு அதையும் லேப்டாப்பையும், ஒலியைக் கணினிக்குள் செலுத்தும் ஆடியோ இன்டர்ஃபேஸையும், மைக்கையும், இவற்றுக்கான கம்பிகளையும் இரண்டு பைகளில் அடைத்து எடுத்துப் போனேன். எல்லாவற்றையும் விரித்து இணைப்பதற்குள் அவர் இரண்டாவது முறை காபி குடித்துவிட்டார். சார்ஜரைச் செருகியவுடன் ஹெட்போனில் வண்டு ரீங்காரமிடுவதுபோல் ஓர் இரைச்சல் எழுந்தது. பழைய வீட்டு மின்னிணைப்பில் எர்த் கிடையாது. சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் அடங்கியது, ஆனால் என் பழைய லேப்டாப்பின் பேட்டரி முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. ஆக, தவிலின் ஒலி சுத்தமாக வேண்டும் என்றால் எனக்குக் கிடைத்த நேரம் அந்த முக்கால் மணிதான்.

அதைவிட எனக்கு உறைத்தது அடுத்து நடந்தது. ஏழெட்டு அடிகளைப் பதிவுசெய்து பேட்களில் ஏற்றி, நீங்களே தட்டிப் பாருங்கள் என்று அவரிடம் நீட்டினேன். தவிலுக்கு விரல்களில் மாட்டும் கூடு இல்லாமல் வெறும் விரலால் இரண்டு ஆவர்த்தனம் தட்டியவர் கையை எடுத்துக்கொண்டார். “தட்டுறேன், அப்புறமா சத்தம் வருது தம்பி. யாரோ எதுத்தாப்புல ஒக்காந்து என்னைப் பாத்து வாசிக்கிற மாதிரி இருக்கு” என்றார். லேப்டாப் திணறாமல் இருப்பதற்காக நான் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரு தவணையில் கையாளும் ஒலியின் அளவை, 512 சாம்பிளில் வைத்திருந்தேன் (இங்கே சாம்பிள் என்பது ஒலித் துண்டு அல்ல, ஒலியை அளக்கும் மிகச் சிறு புள்ளி). வினாடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் அது ஏறத்தாழ 11.6 மில்லி வினாடி. ஒலி அந்த நேரத்தில் நான்கு மீட்டர் தூரம் போய்விடும். அதாவது தன் தவிலைத் தானே நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்பதற்குச் சமம். அவர் சொன்ன உவமை கணக்குக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தது பார்! 128க்குக் குறைத்தால் தாமதம் மூன்று மில்லி வினாடிக்குள் வந்துவிடும் என்பது உண்மை. ஆனால் என் லேப்டாப் அப்போது பட்டாசு வெடிப்பதுபோல் படபடவென்று ஒலியை உடைத்தது. நல்ல லேப்டாப்பும் தாமதத்தைக் குறைக்கும் முறையான ஏசியோ டிரைவர் மென்பொருளும் இருந்தால் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழியெல்லாம் கன்ட்ரோலர் மேல் போடுவது நியாயமில்லை.

இரண்டாவதாக, பேட்டரி இல்லாத ஒரு ஸ்டாண்ட்அலோன் பெட்டியைப் பழையதாக வாங்கினேன். தாமதம் என்ற பேச்சே இல்லை. தட்டினால் விரலுக்கடியிலேயே ஒலி பிறக்கிறது. அதைக் கொண்டுபோய் ஒரு காலைப்பொழுது முழுவதும் தவிலின் அடிகளைத் தனித்தனியாகப் பிடித்தோம். மாவுப் பசையில் தோய்த்த துணியைச் சுற்றிக் காயவைத்த கூட்டை மாட்டிக்கொண்டு வலப்பக்கத்து வலந்தலையில் அடிக்கும்போது வரும் கணீரென்ற ஒலி ஒன்று. அதே அடியைத் தோலின் ஓரத்தில் அடித்தால் வேறு. உள்ளங்கையை வைத்து அமுக்கி அடித்தால் முற்றிலும் வேறு. இடப்பக்கத்துத் தொப்பியில் குச்சியால் அடிக்கும் அடி பலா மரத்தின் வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று அளவில் எடுத்தோம், ஏனெனில் ஒரே பதிவின் ஓசையைக் கூட்டியும் குறைத்தும் வாசித்தால் அது தவிலாக ஒலிப்பதில்லை, தவிலின் புகைப்படமாகத்தான் ஒலிக்கிறது. திறந்த அடி அதிர்ந்துகொண்டிருக்கும்போது மூடிய அடி விழுந்தால் முன்னது அறுபட வேண்டும். அதற்காக இரண்டையும் ஒரே ம்யூட் குரூப்பில் போட வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

இருபத்திரண்டு அடிகள் சேர்ந்த வேளையில் மின்சாரம் போயிற்று. நான் ஒரு தடவைகூடச் சேமிக்கவில்லை. திரை கறுத்தது, அவ்வளவுதான். தவில்கார அண்ணன் சிரித்துக்கொண்டே, “நாளைக்கு மறுபடி அடிச்சாப் போச்சு” என்றார். ஆனால் மறுநாள் மழைக்காற்றில் தோல் தளர்ந்து வேறு ஒலி வந்தது, அதற்கு அடுத்த நாளிலிருந்து அவருக்கு வரிசையாக முகூர்த்தம். முதல்நாள் கேட்ட அந்தத் தொப்பி ஒலியை இன்றுவரை நான் மறுபடி பிடிக்கவில்லை. சேமிக்காதது என் தவறு. ஆனாலும் டெல்டாவில் இருந்துகொண்டு பேட்டரி இல்லாத கருவியைக் கையில் எடுத்துப் போகிறவனுக்கு அந்தத் தவறு என்றைக்காவது நேர்ந்தே தீரும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு மின்சாரத்துக்காக நீங்கள் எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்பதை நான் உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை.

இப்போது வெளியே எடுத்துப் போவது ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2. 2021இல் வந்தது, ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும், தோள்பையில் அடங்கும். நம் மெல்லிசைக் குழுவில் பாட்டுக்கு வைத்திருந்த அந்தப் பழைய டைனமிக் மைக்கை நேரே செருகிவிடுகிறேன். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, பதிவுப் பொத்தானை அழுத்தாமலேயே கடைசியாகக் கேட்ட 25 வினாடி ஒலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொள்ளும் வசதி. நம் அண்ணன் பேச்சுக்கு நடுவில் தொடையில் தட்டிக் காட்டுவாரே, மைக்கைக் கண்டதும் மறைந்துவிடுமே, அந்த வாசிப்பு இப்போது தப்புவதில்லை. அவர் வாசித்து முடித்துவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறக்கும்போது நான் ஒரு பொத்தானை அழுத்துகிறேன், முடிந்தது. சென்ற வாரம் அப்படிச் சிக்கிய ஏழு எண்ணிக்கை கொண்ட ஒரு மிஸ்ர சாபு தாளத் துண்டை வைத்துத்தான் நான்கு நாளாக விளையாடிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் துண்டு எனக்கு இன்னொன்றையும் காட்டியது. இந்தக் கருவிகள் எல்லாமே நான்கும் பதினாறுமாகப் பழகியவை. எம்பிசி வகைக் கருவிகளில் ஒவ்வொரு சீக்வென்ஸுக்கும், அதாவது தாளத் துண்டுக்கும், ஏழு எண்ணிக்கை என்று தனியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அடிகளைச் சம இடைவெளிக்கு இழுத்து நிறுத்தும் குவான்டைஸைப் போட்டவுடன் ஏழும் ஏழு செங்கல்லாக அடுக்கப்பட்டுவிடுகிறது. ரோஜர் லின் புகுத்திய ஸ்விங் இதற்கு ஓரளவு மருந்து: 50 சதவீதத்தில் இரட்டை அடிகள் சமமாக விழும், 66இல் இரண்டாவது அடி தள்ளிப்போய், மும்மூன்றாக நடக்கும் திஸ்ர நடையின் சாயல் வந்துவிடும், 75 வரை நகர்த்தலாம். எல்லா இரட்டைகளையும் ஒரே அளவில்தான் அது தள்ளும் என்பதுதான் சிக்கல். தவிலில் ‘தகிட’வின் மூன்றாம் அடி ஒரு சுற்றில் முந்தும், மறு சுற்றில் பிந்தும். ஆகவே குவான்டைஸை அணைத்துவிட்டுக் கையாலேயே வாசிக்கிறேன். அப்படி வாசிக்க வேண்டுமானால் விரலுக்கும் ஒலிக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது. தாமதத்தைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதியதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் ஸ்டாண்ட்அலோனில் பாட்டை முடிப்பது எனக்கு இன்றுவரை கைகூடவில்லை. தாளத் துண்டு பத்து நிமிடத்தில் பிறந்துவிடுகிறது. அதை மூன்று நிமிடப் பாட்டாக நீட்டி, நாதஸ்வரத்துக்கு இடம்விட்டு, ஒலி அளவுகளைச் சமன்செய்து முடிக்க வேண்டுமென்றால் சின்னத் திரையில் கண் பூத்துவிடுகிறது. எம்பிசி லைவில் இருப்பதுபோன்ற 7 அங்குலத் தொடுதிரைகூட இந்த வேலைக்கு எனக்குப் போதவில்லை; நமக்கும் வயதாகிறது. எனவே துண்டுகளை லேப்டாப்புக்கு மாற்றி, அங்கே மவுஸைப் பிடித்து முடிக்கிறேன். எம்பிசியிலும் மஷீன் பிளஸிலும் கம்பியைச் செருகினால் அதே பெட்டி கன்ட்ரோலராகவும் வேலை செய்யும். 2023இல் வந்த ஏபிள்டன் புஷ் 3இல் கணினிப் பகுதி இல்லாத வடிவத்தை முதலில் வாங்கிவிட்டு, பின்னால் அந்தப் பகுதியைச் சேர்த்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் கனத்துக்கு நீ அதைத் தூக்கிக்கொண்டு மன்னார்குடி பேருந்தில் ஏற மாட்டாய். 2024இல் அதே நிறுவனம் விட்ட மூவ் என்ற சின்னப் பெட்டி பேட்டரியில் நான்கு மணி நேரம் வரை ஓடுகிறது. டீனேஜ் எஞ்சினியரிங்கின் கே.ஓ. 2 இன்னும் எளியது, நான்கு ஏஏஏ பேட்டரி போதும்.

கன்ட்ரோலர் விஷயத்தில் இன்னொரு பயமும் எனக்கு உண்டு. அதன் உயிர் அதற்குள் இல்லை, நிறுவனம் தரும் மென்பொருளில் இருக்கிறது. லேப்டாப் புதிதாகி, அதற்கேற்ற டிரைவர் வராமல் போனால், பேட்கள் நன்றாக இருந்தும் பாதி வேலைதான் நடக்கும். 1988இன் எம்பிசி60ஐப் பிளாப்பி தட்டோடு இன்றும் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் குழுவில் இருந்த அந்த ரிதம் பெட்டியை எண்ணிப் பார். கோயில் திருவிழா மேடையில் மழை நனைந்ததைத் துடைத்துவிட்டு அன்றிரவே வாசித்தோம். ஸ்டாண்ட்அலோன் என்ற சொல்லே நமக்கு அப்போது தெரியாது.

உன் நிலைமைக்கு வருகிறேன். உன் லேப்டாப் பகல் முழுவதும் மகளின் படிப்புக்குப் போய்விடுகிறது. உனக்கு நேரம் கிடைப்பது இரவு ஒன்பதுக்குமேல், அதுவும் மொட்டை மாடியில். கன்ட்ரோலர் வாங்கினால் அவளுடைய தேர்வு முடியும்வரை அது அலமாரியில்தான் இருக்கும். உனக்கென்று ஒரு மேசையும் கதவடைத்த அறையும் இருந்திருந்தால் கன்ட்ரோலரையே வாங்கச் சொல்லியிருப்பேன். செலவும் குறைவு, முடிக்கும் வேலையும் எளிது. இப்போதைக்குப் பேட்டரி உள்ள ஸ்டாண்ட்அலோன் ஒன்றைப் பழையதாகத் தேடு. வாங்குவதற்குமுன் பதினாறு பேட்டையும் மெதுவாகத் தட்டிப் பார். ஒன்று இரண்டு மந்தமாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேள், நான்கைந்து மந்தமாக இருந்தால் எழுந்து வந்துவிடு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமி.

காசு கொடுப்பதற்குமுன் ஒரு சனிக்கிழமை இங்கே வா. என் பெட்டியை இரண்டு நாள் உன் கையில் தருகிறேன். ஐப்பசி முகூர்த்தங்கள் முடிந்ததும் தவில்கார அண்ணனும் வீட்டில்தான் இருப்பார். விட்டுப்போன தொப்பி அடியை மறுபடி பிடிக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வரும்போது ஏஏ பேட்டரி ஒரு டஜன் வாங்கி வா. இங்கே கடைக்காரர் மழைக்குக் கடையைத் திறக்கவே இல்லை.

என்றும் அன்புடன்,
உன் பழைய கீபோர்டுக்காரன்