பெலிலியோஸ் சந்து

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி தேவலை என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். மகளுக்குப் பொங்கோலில் வீடு கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் பால் காய்ச்சுகிறோம்.

நம் சிங்கப்பூர் வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டிய சந்துக்கு ஏன் பெலிலியோஸ் என்று ஒரு பெயர் என்று உன் பேரன் கேட்டானாமே. பெலிலியோஸ் கல்கத்தாவிலிருந்து வந்த யூத வியாபாரி. மாட்டு வியாபாரத்தில் பெரிய கை. அந்தத் தொழிலுக்குத் தோதான இடம் அது: பக்கத்தில் ரோச்சோர் ஆறு, சேற்று நிலம், வேண்டிய மட்டும் புல். எருமைக்கு வேறென்ன வேண்டும்? பட்டிகள் பெருகின. மேய்க்கவும் கறக்கவும் வண்டி ஓட்டவும் நம் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு (மலாயில் கெர்பாவ் என்றால் எருமை) எல்லாம் அந்த எருமைகள் விட்டுப்போன பெயர்கள்தான்.

ஆனால் என் மனம் நிற்பது இன்னொரு பெயரில். அந்தக் கோயிலைப் பழைய ஆட்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்பார்கள். கம்பம் என்றால் இங்கே கிராமம். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அங்கே அனலில் நின்று உழைத்தவர்கள் குடியிருந்த கம்பம் அது. மாட்டு வியாபாரியின் பெயர் பலகையில் ஏறியது, இது ஏறவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். நம்மவர் பெயரே இல்லை என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் தள்ளி டாக்டர் வீராசாமி பெயரில் ஒரு ரோடு இருக்கிறது. இருந்தாலும் சுண்ணாம்பு வேக வைத்தவர்களுக்கு ஒரு சந்தாவது கொடுத்திருக்கலாம். என் பேரப்பிள்ளைகளிடம் நான் சுண்ணாம்புக் கம்பம் என்றே சொல்லிப் பழக்கியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிருந்தேன். கதவில் வரிசையாகத் தொங்கும் சின்ன மணிகளைக் கையால் தடவி ஒலிக்கவிட்டுத்தான் இன்னும் எல்லாரும் உள்ளே போகிறார்கள். நடுவில் இருக்கும் மணிகள் கைபட்டுக் கைபட்டுப் பளபளவென்று இருக்கின்றன. போர்க்காலத்தில் குண்டு விழுந்தபோது சனங்கள் ஓடி வந்து ஒதுங்கியது இந்தக் கதவுக்குள்தான்.

அப்புறம் ஒரு விஷயம். உன் தாத்தா அங்கே மாட்டுக் கொட்டகையில் வேலை பார்த்தவர் என்று சொல்வாயே. அந்தச் சந்துக்கு அவர் சொன்ன பெயர் என்ன? பெலிலியோஸ் என்று சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. உன் பெரியத்தைக்குத் தெரிந்திருக்கும். தீபாவளிக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதே, அத்தைக்கு வயதாகிவிட்டது. இந்த வாரமே கேட்டு எழுது.

அன்புடன்,
ராஜூ