நின்றால் போய்விடும் வலி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கெண்டைக்கால் வலி பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் சுளுக்கு, சதைப்பிடிப்பு, நரம்புச் சுருட்டல் எல்லாம் இருந்தன. ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று: சதை இறுகும்போது ரத்தக்குழாய் நசுங்குவதால் வரும் வலி. அதில் தப்புப் பண்ணியவன் நான் என்பதால் எழுதுகிறேன்.

27 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். 1500 மீட்டர் ஓடும் மாணவன் ஒருவன் தினமும் மூன்றாவது சுற்றில் நின்றுவிடுவான். வலது ஆடுசதை கல் மாதிரி இறுகுகிறது என்பான். இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடும். "நின்னா போற வலி என்னடா வலி?" என்று கூடுதலாக ஒரு சுற்று ஓட விட்டேன். தைலம், ஐஸ், வாழைப்பழம், எதற்கும் மசியவில்லை.

கடைசியில் ரத்தநாள அறுவை மருத்துவரிடம் போனோம். கணுக்காலின் உட்புறம் என் விரலை வைக்கச் சொன்னார். நாடி நன்றாகத் துடித்தது. "பிரேக்கை மிதிக்கிற மாதிரி பாதத்தை அழுத்து, தம்பி" என்றார். துடிப்பு நின்றுபோயிற்று. காலைத் தளர்த்தியதும் திரும்ப வந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. நல்ல காலிலும் சிலருக்கு இப்படி ஆகுமாம். அதனால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. இரண்டும் எடுத்துத்தான் உறுதி செய்தார்.

முழங்காலுக்குப் பின்னால் ஆடுசதை இரண்டு தலையாகப் பிரிந்திருக்கும். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அந்த இரண்டுக்கும் நடுவே இறங்க வேண்டும். இவனுக்கு அது உள்பக்கத் தலையைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது, பிறவியிலேயே அப்படி. சதை இறுகும்போதெல்லாம் தமனி நசுங்கும். கவனிக்காமல் விட்டால் அதன் சுவர் கெட்டு, ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். 1879-லேயே எடின்பரோவில் ஆண்டர்சன் ஸ்டூவர்ட் என்ற மருத்துவ மாணவர், வெட்டி எடுத்த ஒரு காலில் இதைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார்.

ஆடுசதையில் வித்தியாசம் என்றாலே பயம் வேண்டாம். பிளான்டாரிஸ் என்ற மெல்லிய தசை சிலருக்குக் கிடையவே கிடையாது. அதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஓடும் பிள்ளைக்கு ஏறக்குறைய அதே தூரத்தில் வலி வந்து, நின்றதும் போனால், அது சோம்பேறித்தனம் அல்ல.

அவனுக்குத் தமனி கெடுவதற்குள் சதையை விடுவித்துவிட்டார்கள். இப்போது ஓடுகிறான். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு நடத்தும் பயிற்சி முகாமில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் நல்லது.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருத்துறைப்பூண்டி