தெற்கத்தி மொட்டைமாடிகளிலிருந்து இஸ்ரோவுக்கு ஒரு திறந்த மடல்

விண்கலங்களின் பாதுகாப்பைக் கவனிக்கவென 2022 ஜூலையில் பெங்களூருவில் திறக்கப்பட்ட இஸ்ரோ மையத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நாகர்கோவிலில் என் வீட்டு மொட்டைமாடியில் நின்று, செயற்கைக்கோள்களையும் அவற்றைக் கொண்டுபோய் விட்டபின் கேட்பாரற்றுச் சுற்றும் ராக்கெட்டின் கடைசி நிலைகளையும் (அடுக்குகளையும்) பார்த்துக் குறித்துவருபவன் நான். எங்களைப் போன்றோரின் அளவீடுகளை நீங்கள் முறைப்படி பெற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட உங்கள் வானியல் ஆய்வுச் செயற்கைக்கோள் ஆஸ்ட்ரோசாட், நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை மட்டுமே சாய்ந்த, சுமார் 650 கிலோமீட்டர் உயரப் பாதையில் விடப்பட்டது. அத்தகைய பாதையில் செல்லும் பொருள், ஏறக்குறைய 31 பாகை வடக்கு அட்சரேகையைத் தாண்டி இருப்பவருக்கு அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. இத்துறையில் பேர்பெற்ற ஆர்வலர்களோ பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழ்பவர்கள். நாசா 2005இல் தொடர்பிழந்த இமேஜ் செயற்கைக்கோளின் சமிக்ஞையை 2018 ஜனவரியில் பிடித்துக்காட்டிய ஸ்காட் டில்லி கனடாவில் இருக்கிறார். அவருக்கும் எட்டாத வானம் எங்கள் உச்சந்தலைக்கு மேலே இருக்கிறது. இங்கே பொழுது சாய்ந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வரை அந்த உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருப்பதால், இருட்டிய வானில் ஆஸ்ட்ரோசாட் நகரும் புள்ளியாகத் தெரிகிறது.

அதன் வழியில் இருக்கும் இரு விண்மீன்களைப் பைனாகுலரில் முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொண்டு, அவற்றை இணைக்கும் கோட்டை அது கடக்கும் கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்துவோம். கால் நொடி பிசகினால் அதன் இடம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தவறிப்போகும். (கொசுவை அடிக்கக் கை போனால் அன்றைய அளவீடு அவ்வளவுதான்.) கரணமடித்துச் செல்லும் ராக்கெட் நிலை விட்டுவிட்டு மின்னும், பத்து மின்னல்களுக்கு ஆகும் நொடிகளைப் பத்தால் வகுத்து அதன் துடிப்புக் காலத்தைக் குறித்துக்கொள்வோம்.

ஸ்ரீஹரிகோட்டாவில் பல பொருள்களை ஒரே நேரத்தில் பின்தொடரும் ராடார் இருக்கையில் பைனாகுலர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ராடார் ஓரிடத்தில் நிற்கிறது. நாங்கள் பல ஊர்களில் நிற்கிறோம், செலவும் எங்களுடையது. சந்திரயான்-3ஐ ஏவிய எல்.வி.எம்.3 ராக்கெட்டின் மேல்நிலை, 21 பாகை சாய்ந்த நீள்வட்டப் பாதையில் 124 நாள் சுற்றி, 2023 நவம்பர் 15 அன்று வட பசிபிக் பகுதியின் மேல் கட்டுப்பாடின்றி வளிமண்டலத்தில் நுழைந்தது. அப்படிப்பட்டவற்றின் இறுதி நாள்களில், காற்றின் இழுவை அன்றாடம் மாறும்போது, கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வோர் அளவீடும் அவை எப்போது, எங்கே நுழையும் என்ற கணிப்பைத் திருத்த உதவும்.

உங்கள் அக்கறையில் எனக்கு ஐயமில்லை. 2001 டிசம்பரில் பி.எஸ்.எல்.வி-சி3இன் நான்காம் நிலை வெடித்து 300க்கு மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிய அதே நிறுவனம்தான், எக்ஸ்போசாட் செயற்கைக்கோளைக் கொண்டுசென்ற ராக்கெட் நிலையை 650இலிருந்து 350 கிலோமீட்டருக்கு இறக்கி, அது 2024 மார்ச் 21 அன்று வளிமண்டலத்தில் நுழைந்து மறையச் செய்தது. 2030க்குள் குப்பையற்ற விண்பயணங்கள் என்ற இலக்கையும் அறிவித்திருக்கிறீர்கள்.

எங்கள் கோரிக்கை இரண்டே. எங்கே பார்ப்பது என்பதற்கு நாங்கள் இன்று அமெரிக்க விண்வெளிப் படையின் பட்டியலையே நம்பியிருக்கிறோம். ஒவ்வோர் ஏவுதலுக்குப் பின்னும் கடைசி நிலையின் பாதை விவரங்களை, ஒரு பொருளின் பாதையை இரண்டு வரி எண்களில் சொல்லும் வழக்கமான இருவரி வடிவத்தில், அன்றே நீங்கள் வெளியிட வேண்டும். எங்கள் குறிப்புகளை அனுப்ப ஒரு முகவரியும் வேண்டும். அவற்றில் எவ்வளவு பிழை என்பதை ஆஸ்ட்ரோசாட்டை வைத்தே ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள். அது எந்த நொடியில் எங்கே இருந்தது என்பது உங்களிடம் பதிவாகியிருக்கும்.

இப்படிக்கு,
நாகர்கோவில் வான்நோக்கர் ஒருவர்