பருவ இறுதிக் கடிதம்: சுற்றுலாவும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கு இன்னும் இரண்டு சனிக்கிழமைகளே இருக்கின்றன. ஆண்டிறுதித் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பெறுபேறுகள் கடைசி வகுப்பன்று பிள்ளைகளின் கையில் கிடைக்கும். பேச்சுப் போட்டியிலும் குறள் மனனப் போட்டியிலும் வழமைபோல் பரிசில்கள் வந்தன. விளையாட்டுப் போட்டி மழைக்கு நடுவே நடந்து முடிந்தது. பாலர் வகுப்பினர் உயிரெழுத்தை முடித்து மெய்யெழுத்துக்கு வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் பாராட்டுகள்.

இனிச் சுற்றுலா. 46 பிள்ளைகள், ஆறு ஆசிரியர்கள், ஒரு பஸ். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரோத்தன்பூர்க், பிறகு டிங்கெல்ஸ்பூல், பிறகு நோர்ட்லிங்கன், இரவு 7 மணிக்குப் பள்ளி வாசல். மூன்றும் மதில் சூழ்ந்த பழைய நகரங்கள். மூன்றுமே ஒருகாலத்தில் எந்தச் சிற்றரசருக்கும் அடங்காமல் பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்டிருந்தவை. ரோத்தன்பூர்க் அந்த உரிமையை 1274இல் பெற்றது. "தமிழ்ப் பள்ளிக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அகழி, மதில், கொத்தளம், காவற்கோபுரம் என்ற சொற்களை நாங்கள் பல வருடங்களாகக் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறோம். அன்று ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மதிலிலிருந்து கீழே எட்டிப் பார்த்து, "ரீச்சர், அகழிக்குள்ள புல்லு முளைச்சிருக்கு" என்றது. எனக்கு அதுவே போதும்.

மூன்று நகரங்கள் என்று சொன்னேன். பார்த்தது இரண்டைத்தான். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதும் அதுதான்.

பஸ் காலை 7 மணிக்குப் புறப்படும் என்று கடிதத்திலும் வட்ஸ்அப் குழுவிலும் இரண்டு முறை அறிவித்திருந்தோம். 6.50க்குப் பெரும்பாலான பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கடைசிக் குடும்பம் வந்தபோது மணி 7.40. பஸ்ஸுக்குள் 40 பிள்ளைகளுக்கு மேல் பட்டியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அந்த 40 நிமிடத்தால் வைன்ஸ்பெர்க் நெடுஞ்சாலைச் சந்தியின் நெரிசலுக்குள் நன்றாக அகப்பட்டோம். ரோத்தன்பூர்க்கில் எங்களுக்கு வழிகாட்டும் பெண்மணியை 9.30க்கு ஒழுங்கு செய்திருந்தோம். போய்ச் சேர்ந்தது 10.05. 11 மணிக்கு அவருக்கு அடுத்த குழு. ஒன்றரை மணிநேரத்துக்குப் பணம் கட்டியிருந்தோம். கிடைத்தது ஒரு மணிநேரமும் இல்லை.

கிடைத்த நேரத்தில் அவர் எவ்வளவோ காட்டினார். யாக்கோபு தேவாலயத்தில் ரீமன்ஷ்னைடர் என்ற சிற்பி லிண்டன் மரத்தில் செதுக்கிய பீடத்தின் முன் பிள்ளைகளை நிறுத்தி, இராப்போசனக் காட்சியின் நடுவில் நிற்பது யார் என்று கேட்டார். எல்லோரும் இயேசு என்றார்கள். நடுவில் நிற்பது இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். 500 வருடம் பழைய மரச்சிற்பத்தைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் வாய் மூடி நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த மௌனம் சந்தைச் சதுக்கத்தில் கலைந்தது. 1631இல், முப்பதாண்டுப் போரின்போது, தில்லி என்ற தளபதி நகரத்தைப் பிடித்து அழிக்கப் போக, முன்னாள் நகரத் தலைவர் ஒருவர் மூன்றேகால் லீற்றர் வைனை ஒரே மூச்சில் குடித்து ஊரைக் காப்பாற்றினார் என்று ஒரு கதை. வரலாற்றுச் சான்று கிடையாது, ஆனால் 1881 முதல் அதை நாடகமாக நடிக்கிறார்கள். 11 மணி அடிக்கும்போது சதுக்கத்து மணிக்கூட்டின் பக்கத்து யன்னல்கள் திறந்து இரண்டு பொம்மைகள் அந்தக் காட்சியைக் காட்டும். "அந்த மனுசனை இடையில பாத்ரூம் போக விட்டவையோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யேர்மன் மொழியில் அதைச் சொன்னபோது வழிகாட்டியே சிரித்துவிட்டார்.

மதில்மேல் நடக்கும் பகுதிக்கு அவருடைய நேரம் போதவில்லை. நாங்களாகவே ஒரு துண்டு நடந்தோம். 1945 மார்ச் 31ஆம் திகதி விழுந்த குண்டுகளில் நகரின் கிழக்குப் பகுதியும் மதிலின் ஒரு பங்கும் அழிந்தன. பிறகு உலகம் முழுவதிலிருந்தும் பணம் கொடுத்தவர்களின் பெயர்களை மதிற் கற்களில் பதித்திருக்கிறார்கள். அமெரிக்கர், யப்பானியர் பெயர்களெல்லாம் உண்டு. ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்த ஒரு மாணவி, "எங்கட ஊரிலயும் குண்டு விழுந்ததுதானே, அங்கயும் இப்பிடிக் கல்லு இருக்கோ?" என்று கேட்டாள். கூட வந்த ஆசிரியருக்கு உடனே பதில் வரவில்லை. வழிகாட்டிக்கு அங்கே இன்னும் அரைமணி நேரம் இருந்திருந்தால் அந்தக் கேள்வியிலிருந்து ஒரு நல்ல உரையாடல் தொடங்கியிருக்கும்.

டிங்கெல்ஸ்பூலில் ஏன் நிற்கவில்லை என்று பலர் கேட்டீர்கள். இரவு கொஞ்சம் பிந்தி வந்திருக்கலாமே என்றும் சொன்னீர்கள். முடியாது. பஸ் சாரதி காலை 6.30க்கு வேலையைத் தொடங்கியவர். 24 மணிநேரத்துக்குள் அவருக்கு 11 மணிநேரத் தொடர் ஓய்வு இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. இரண்டு வாராந்த ஓய்வுகளுக்கு இடையில் மூன்று முறை வரை அதைக் குறைக்கச் சட்டத்தில் இடமிருந்தாலும், மறுநாளும் ஓட்டம் இருந்ததால் அவருடைய நிறுவனம் சம்மதிக்கவில்லை. ஆகவே இரவு 7.30க்குள் அவர் பஸ்ஸைத் தரிப்பிடத்தில் விட்டாக வேண்டும். காலையில் போன 40 நிமிடம் மாலையில் திரும்பி வராது. வேறு வழியில்லாமல் டிங்கெல்ஸ்பூலை வெட்டினோம். தூரத்தில் தெரிந்த கெயோர்க் தேவாலயத்தின் பெரிய கூரையை யன்னலால் பார்த்ததோடு சரி. 1632இல் சுவீடன் படை அந்த நகரத்தைச் சூழ்ந்தபோது சிறுவர்கள் ஊர்வலமாகப் போய்த் தளபதியிடம் கெஞ்சி ஊரைக் காப்பாற்றினார்கள் என்பது அங்குள்ள ஐதீகம். அதற்காக ஒவ்வொரு யூலையிலும் சிறுவர் திருவிழா நடக்கிறது. மூன்று நகரங்களில் பிள்ளைகளுக்கென்றே ஒரு கதை வைத்திருந்த நகரம் அது. பெரியவர்கள் பிந்தியதால் பிள்ளைகள் இழந்தது அதைத்தான்.

நோர்ட்லிங்கனில் மட்டும் எதுவும் குறையவில்லை. டானியேல் என்ற தேவாலயக் கோபுரத்தின் 350 படிகளையும் ஏறினார்கள். சிலர் இரண்டு தரம். ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வருடங்களுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான பள்ளத்துக்குள்தான் அந்த வட்டமான நகரம் இருக்கிறது. தேவாலயத்தின் கல்லிலேயே கண்ணுக்குத் தெரியாத வைரத் துகள்கள் உண்டு. அப்பல்லோ 14 விண்வெளி வீரர்கள் 1970இல் பாறைகளைப் பற்றிப் படிக்க அங்கே வந்தார்கள் என்றதும், அதுவரை கைபேசிக்குள் இருந்த ஒன்பதாம் வகுப்புத் தலைகளும் நிமிர்ந்தன.

இரவு 6.55க்குப் பள்ளி வாசலில் இறங்கினோம். 7 மணிக்கு 19 பிள்ளைகளை அழைத்துப்போக ஆட்கள் நின்றார்கள். 7.30க்கு இன்னும் 14 பிள்ளைகள் நின்றார்கள். கட்டடம் எங்களுடையது அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். மாநகரசபையிடம் வாடகைக்கு எடுத்தது. 7.30க்கு ஹவுஸ்மைஸ்டர் (கட்டடப் பராமரிப்பாளர்) திறப்புக் கோர்வையோடு வந்து நின்றார். ரோத்தன்பூர்க் கோட்டை வாயிலின் பெரிய கதவில் ஒரு சின்னக் கதவு உண்டு. ஊசிக்கண் என்று பெயர். மாலையில் பெரிய கதவைப் பூட்டிய பிறகு வருகிறவர்கள் அதற்குள்ளால் ஒவ்வொருவராகக் குனிந்துதான் நுழைய வேண்டும். காலையில் அந்தக் கதையைக் கேட்டிருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஹவுஸ்மைஸ்டரின் திறப்புகளைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இனி எங்களுக்கும் அந்தச் சின்னக் கதவோ?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தோம். அரைமணி நேரம் கழித்து அதே பிள்ளை என் சால்வைக்குள் தலையை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தது. கடைசிப் பிள்ளை போனபோது 8.25.

இது ஒருநாள் கதையாக இருந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்குப் பிந்திய வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். வகுப்பு 1.30க்கு முடிகிறது. 1.45க்குள் எல்லாப் பிள்ளைகளும் வீடு போன சனிக்கிழமைகள் இரண்டே இரண்டு. மற்ற நாட்களில் யாரோ ஓர் ஆசிரியர் வாசலில் நிற்கிறார். அவருக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், தவறவிட்டால் ஒரு மணிநேரம் காத்திருக்க வேண்டிய ரயில் இருக்கிறது. எங்களில் எவருக்கும் இது சம்பள வேலை அல்ல. பிள்ளை வீட்டார் கையில் சேரும்வரை அந்தப் பிள்ளைக்கு நாங்களே சட்டப்படி பொறுப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். "பக்கத்துக் கடையில நிக்கட்டும், வாறன்" என்று தொலைபேசியில் சொன்னால் நாங்கள் விட முடியாது. விடவும் மாட்டோம்.

வெளிப்படையாகவே சொல்கிறேன். வைத்தியரிடம் ரெர்மின் (குறித்த நேரம்) என்றால் பத்து நிமிடம் முன்னதாகப் போய் இருக்கிறோம். வேலைக்குப் பிந்துவதில்லை. தமிழ்ப் பள்ளி என்றவுடன் மட்டும் மணிக்கூடு இலங்கை நேரத்துக்கு மாறிவிடுகிறது. இதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். தமிழுக்கு ஒரு நேரம், மற்றதற்கெல்லாம் வேறு நேரம் என்று அவர்கள் எங்களிடமிருந்துதான் பழகுகிறார்கள்.

ஆகவே செப்ரெம்பரிலிருந்து 1.45க்குப் பிறகு நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பதிவேட்டில் நேரம் எழுதி, அழைத்துப்போக வருகிறவரிடம் கையொப்பம் வாங்குவோம். ஒரு பருவத்தில் மூன்று கையொப்பம் சேர்ந்தால் நானே உங்களோடு உட்கார்ந்து பேசுவேன். அடுத்த சுற்றுலாவில் பஸ் குறித்த நேரத்துக்குப் புறப்படும். பத்து நிமிடம் பொறுப்போம், அதற்குமேல் இல்லை. கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது. கால்மணிக்கு ஐந்து யூரோ தண்டம் வாங்கலாம் என்று நிர்வாகக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நான் சம்மதிக்கவில்லை. ஐந்து யூரோவுக்குக் கால்மணி நேரம் வாங்கலாம் என்று அது மாறிவிடும்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. சனிக்கிழமை உணவகச் சமையலறையில் நிற்கிறவர்கள், களஞ்சியத்தில் இரவு வேலை முடித்து நேரே வருகிறவர்கள், ஒற்றைக்கு இரண்டு மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவர்கள் எங்கள் பெற்றோரில் இருக்கிறார்கள். அன்றிரவு பிந்தியவர்களில் ஒருவர் மாற்று ஆள் வராததால் வேலையிடத்தை விட்டு வர முடியாமல் நின்றவர். ஓடி வந்து மூச்சு வாங்க மன்னிப்புக் கேட்டார். அவரைச் சங்கடப்படுத்த இதை எழுதவில்லை. பிந்தும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ஒரு செய்தி போடுங்கள். பள்ளிக்கு அருகில் இருக்கும் இரண்டு குடும்பங்கள், அவசர நாட்களில் உங்கள் பிள்ளையைக் கூட்டிப்போய்ச் சாப்பாடும் கொடுத்து வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே பக்கமாகப் போகிறவர்கள் மாறி மாறி ஏற்றிப்போக ஒரு பட்டியலும் தயாராகிறது. பெயர் கொடுக்க வெட்கப்பட வேண்டாம்.

குறித்த நேரத்துக்கு வந்து, ஒருநாளும் முறையிடாமல் காத்திருக்கும் பெற்றோருக்கு நன்றி. விடியற்காலை எழுந்து 52 பேருக்குப் புளிச்சாதமும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டித் தந்த அம்மாமாருக்குத் தனி நன்றி. ரோத்தன்பூர்க் கோட்டைப் பூங்காவில் அந்தப் பொதிகளை அவிழ்த்தபோது பக்கத்து வாங்கிலிருந்த சுற்றுலாப் பயணிகள் மணம் பிடித்து எட்டிப் பார்த்தார்கள். அன்றிரவு அரைமணிக்கு மேல் கதவைத் திறந்துவைத்து எங்களோடு நின்ற ஹவுஸ்மைஸ்டருக்கும் பள்ளியின் சார்பில் நன்றி சொல்லியிருக்கிறோம். அவர் கேட்டது ஒரு பொதி புளிச்சாதம் மட்டுமே.

டிங்கெல்ஸ்பூலுக்கு வசந்தத்தில் தனியாக ஒரு நாள் போகலாம் என்று எண்ணுகிறோம். திகதி செப்ரெம்பர் கடிதத்தில் வரும்.

பஸ்ஸில் ஒரு நீல மழையங்கியும் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களும் இடதுகாற் சப்பாத்து ஒன்றும் கிடந்தன. காரியாலய மேசையில் வைத்திருக்கிறோம். ஒற்றைச் சப்பாத்தோடு பிள்ளை எப்படி வீடு வந்தது என்று தெரிந்தவர்கள் வந்து எடுத்துச் செல்லவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்